நடுவில் நின்ற முள்

அத்தியாயம் 17

கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டி மூன்று நாட்களாக உத்திராபதி வீட்டு டிவி ஸ்டாண்டில் பிரிக்கப்படாமல் கிடந்தது. அதன் மேல் அனுப்பியவர் அஷ்வின் என்று போட்டிருந்தது. அந்தப் பெயரை உத்திராபதி தன் வாயால் சொல்லி இன்றோடு இருபத்திரண்டு நாள். யார் கணக்கு வைத்தார்கள் என்று கேட்கக்கூடாது. விழிதியூரில் எல்லா வீட்டுக்கும் எதிர்வீடு என்று ஒன்று உண்டு.

நடந்தது இதுதான். பெண் வீட்டார் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு உத்திராபதியின் பழைய வேன் திருநள்ளாறு ரோட்டில் வந்தபோது முன்பக்கம் புகை கிளம்பியது. பட்டுப்புடவைகள் எல்லாம் இறங்கி வாய்க்கால் ஓரம் வரிசையாக நின்றன. ஓட்டியது அஷ்வின், உத்திராபதியின் ஒரே மகன், வயது இருபத்தாறு. எஞ்சின் கொதித்து, அதன் தலைமூடியான ஹெட் வளைந்துவிட்டது.

"டேஷ்போர்டுல முள்ளு நடுவுலதாம்ப்பா நின்னுச்சு. சூடு ஏறுனதா காட்டவே இல்ல" என்றான் அவன்.

"முப்பத்தோரு வருசமா ஸ்டியரிங் புடிக்கிறேன். முள்ளு பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்லுவான்" என்றார் உத்திராபதி.

இதை வீட்டுக்குள் சொல்லியிருந்தால் ஒரு வேளைச் சோற்றோடு போயிருக்கும். அவரோ 'விழிதியூர் சொந்தங்கள்' வாட்சப் குழுவில் நூற்று எண்பத்தாறு பேர் காதிலும் விழும்படி வாய்ஸ் போட்டார். பையன் செல்லை நோண்டிக்கொண்டே ஓட்டி எஞ்சினைக் கொன்றுவிட்டானாம். இனி யாரும் அவனை நம்பி வண்டி கொடுக்க வேண்டாமாம். ஊர் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்குமா? காரைக்கால் டவுன் வரைக்கும் அனுப்பி வைத்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்ட அஷ்வினைக் கூப்பிட்டிருந்தவர்கள் மறுநாளே, "அப்புறம் பாக்கலாம் தம்பி" என்றார்கள். அவன் குழுவிலிருந்து விலகினான், அப்பாவின் நம்பரை பிளாக் செய்தான், பையைத் தூக்கிக்கொண்டு தருமபுரத்தில் இருக்கும் அக்கா சிவப்ரியா வீட்டுக்குப் போனான்.

இன்று சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் திருப்பூருக்குப் போகிறான். குடோன் வேலை. அந்த ஊரைப் பற்றி உத்திராபதிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இந்தத் தெருவிலிருந்து அங்கே போன நான்கு பையன்களில் ஒருவன்கூட பொங்கலுக்கு இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை.

காலையில் பெட்டியைப் பிரித்தது பெரியநாயகிதான். உள்ளே உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஒரு மீட்டர், நாற்பதிலிருந்து நூற்றிருபது வரை எண்கள். கூடவே வயர், ஒரு சென்சார், அதைத் திருக ஓர் அலுமினியக் குழாய்த்துண்டு.

"என்னாங்க இது?"

"ரேடியேட்டர் தண்ணி எத்தன டிகிரி சூடுன்னு காட்டுற மீட்டரு. ஒம் மவன் எனக்குப் பாடம் எடுக்குறான்."

"எடுக்கட்டும். கொண்டுபோயி மாட்டுங்க."

"என் வண்டிக்கு என் காதுதான் மீட்டரு."

"ஆமா, அந்தக் காதுல எல்லாம் உளும். அவன் சொன்னது மட்டும் உளாது."

உத்திராபதி மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவினார். மீசையைத் தடவினால் அவருக்கு யோசனை வந்துவிட்டது என்று அர்த்தம். வந்தது நல்ல யோசனையாக இருந்ததாக வரலாறு இல்லை.

"சரி, மாட்டுறேன். பழைய முள்ளு ஒரு பக்கம், புது முள்ளு ஒரு பக்கம். ரெண்டும் ஒண்ணாத்தான் நிக்கப் போவுது. பொய் சொன்னது யாருன்னு அவன் பஸ்ஸு ஏர்றதுக்குள்ள தெரிஞ்சிடும்."

பெரியநாயகி அட்டைப்பெட்டியை மடித்து அடுக்களைக்குக் கொண்டுபோனாள். திருப்பூர்ச் சேதி வந்ததிலிருந்து நான்கு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இவர் மட்டும் தூங்கினாரா என்றால் அதுவும் இல்லை. மெக்கானிக் இஃபாத்தின் பட்டறை சிவப்ரியா வீட்டிலிருந்து இரண்டே தெரு. விழிதியூர்ப் பக்கம் மெக்கானிக்கே இல்லாதது மாதிரி தருமபுரத்துக்கு ஏன் வண்டியை எடுத்தார் என்பது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

இஃபாத் நாற்பது வயதுக்காரன். பேச்சு மெதுவாக வரும், வேலை வேகமாக நடக்கும். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் ஹோஸை இரண்டாக வெட்டி, நடுவில் அலுமினியத் துண்டைச் செருகி, அதில் சென்சாரைத் திருக வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஹோஸை வெட்டினவன் வெட்டின இடத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றான்.

"அண்ணே, இது என்ன ரேடியேட்டரா உப்பளமா?"

குழாயின் உள்பக்கம், வெந்நீர் அண்டாவில் படிந்திருக்குமே, அதுமாதிரி வெள்ளையாக ஓடு கட்டியிருந்தது. இஃபாத் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"என்ன தண்ணிண்ணே ஊத்துறீங்க?"

"எங்க வீட்டு போர் தண்ணிதான். நூத்திருவது அடி."

இதில் உத்திராபதிக்கு ஒரு பெருமை உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்து, வண்டிக்குச் சந்தனப்பொட்டு வைத்து, சூடம் காட்டி, தன் கையாலேயே ஒரு சொம்புத் தண்ணீர் ரேடியேட்டரில் ஊற்றுவார். மகனைத் தொடவிட்டதில்லை. கடையில் விற்கிற கூலன்ட்டை அவர் கலர் தண்ணி என்றுதான் சொல்லுவார்.

"குடிக்கிறதும் அந்தத் தண்ணிதானாண்ணே?"

"குடிக்கிறதுக்குக் கொம்யூன் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணி. போர் தண்ணி உப்புக் கரிக்குமுல்ல?"

"சமைக்க?"

"அதுல பருப்பு வேவாதுப்பா."

இஃபாத் ஹோஸைக் கீழே வைத்தான். "பருப்புக்கு ஆவாத தண்ணி எஞ்சினுக்கு மட்டும் எப்புடிண்ணே ஆவும்? ரேடியேட்டர் உள்ள பாதி குழாய் அடச்சிருக்கும். போன தடவ ஹெட்டு வேலை பாத்தவங்க இதப் பாக்கலியா?"

எப்படிப் பார்ப்பார்கள்? ஓட்டினவன் தப்பு என்று தகப்பனே தீர்ப்பு எழுதிக் கொண்டுபோய் வண்டியை விட்டால், யார் ரேடியேட்டரைத் திரும்பிப் பார்ப்பார்கள்? உத்திராபதி நல்ல டயர் ஒன்றைக் காலால் உதைத்துக் காற்று இருக்கிறதா என்று பார்த்தார்.

"பழைய முள்ளுக்குன்னு எஞ்சின்ல ஒரு சென்சார் இருக்கு. அதையும் கழட்டிப் பாத்துருவம்ணே. அது மேலயும் இந்த உப்பு அப்பியிருந்தா, சூடு அதுக்கு உறைக்கவே உறைக்காது."

"அதத் தொடாத. அதத் தொட்டா அப்புறம் எத எதோட ஒப்புட்டுப் பாக்குறது?"

மீட்டரை ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் திருகி, வயரை இழுத்து, தண்ணீர் ஊற்றி, எஞ்சினைப் போட்டான் இஃபாத். பத்து நிமிடம் ஓடியது. பழைய முள் மெல்ல ஏறி வழக்கம்போல நடுவில் வந்து நின்றது. புதிய முள் நாற்பதைவிட்டு அசையவில்லை.

உத்திராபதிக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா? இவரு வாங்கி அனுப்புன மீட்டரோட லட்சணத்த."

இஃபாத் குனிந்து பார்த்துவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டான். "மீட்டர் மேல தப்பில்லண்ணே, என் மேலதான். ரெண்டு பக்கமும் ரப்பரு. நடுவுல இருக்குற துண்டுக்கு எர்த் எங்கேந்து வரும்?" துண்டிலிருந்து ஒரு வயரை எடுத்து வண்டி பாடியில் முடுக்கினான். முள் உயிர் வந்ததுபோலத் துள்ளி எண்பத்திரண்டில் நின்றது.

பழையது நடுவில், புதியது எண்பத்திரண்டில். இரண்டும் சரி என்றுதான் சொல்லின.

அந்த நேரம் பார்த்து சிவப்ரியா வந்தாள். கையில் ஃபிளாஸ்க். அப்பா பட்டறைக்கு வந்திருக்கிறார் என்று அவளுக்கு ஒருவர் சொல்லவில்லை, நாலு பேர் சொன்னார்கள்.

"டீ குடிங்கப்பா. வீட்டுக்கு வந்துட்டுப் போங்க."

"அவன் இருக்கானா?"

"பையில துணி அடுக்கிக்கிட்டு இருக்கான்."

டீ சூடாக இருந்தது. உத்திராபதி ஊதி ஊதிக் குடித்தார். இரண்டு தெரு நடந்தால் போதும். வாசலில் நின்று ஒரு தடவை இருமினால்கூடப் போதும், பையன் வெளியே வந்துவிடுவான். அவர் மீட்டரைப் பார்த்தார். எண்பத்திரண்டு.

"ரெண்டு முள்ளும் ஒண்ணாத்தான் காட்டுதுன்னு அவன்ட்ட சொல்லிடு" என்றார்.

சிவப்ரியா ஃபிளாஸ்க்கை மூடினாள். "அத மட்டும் சொல்லவா? இல்ல வேற எதாவது இருக்கா?"

"வேற என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. சொல்லிடுறேன். ஊருக்குப் போற புள்ள, வழியில அந்த வார்த்தையவே சாப்புட்டுக்கிட்டுப் போவட்டும்."

அவள் போன பிறகு இஃபாத் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நிக்கிற வண்டியில என்னண்ணே தெரியும்? விட்டுட்டுப் போங்க. நாளைக்கு ரேடியேட்டரக் கழட்டி உள்ள கம்பி விட்டுக் குத்தி எடுத்துடுறேன்."

"இன்னிக்கு எனக்கு வண்டி வேணும்."

"அப்ப இதக் கேட்டுக்குங்க. நூறு வரைக்கும் போவலாம். நூத்தி அஞ்சுன்னா ஓரங்கட்டுங்க. நூத்திப் பத்துன்னா ஹெட்டு திரும்ப வளைஞ்சிடும். ஒரு தடவ சீவியாச்சு. இன்னொரு தடவ சீவ அதுல சதை இல்ல. எஞ்சினே போயிடும்ணே."

அந்த எஞ்சின் போனால் உத்திராபதிக்கு வேறு பிழைப்பு கிடையாது. நிலம் போன தலைமுறையிலேயே பங்கு பிரிந்துவிட்டது. இது தெரிந்துதான் இஃபாத் சொன்னான். தெரிந்துதான் அவரும் தலையாட்டினார்.

வீட்டில் பெரியநாயகி புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, இரண்டு பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தாள். மூன்றே முக்காலுக்கு வாசலில் நின்றாள்.

"பஸ் ஸ்டாண்டுல என்ன எறக்கி விடுங்க. நீங்க எறங்க வேணாம்."

"நான் எறங்குறதா யாரு சொன்னா?"

இறங்கப் போவதில்லை என்று சொன்ன மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டியிருந்தார். தலை சீவியிருந்தார். வண்டியை எடுத்தபோது எதிர்வீட்டு மாரிக்கண்ணு, "அண்ணன் கல்யாணத்துக்கா?" என்று கேட்டுவைத்தாள். உத்திராபதி ஹாரனை அடித்துவிட்டுத் தெருவைத் தாண்டினார்.

ரயில் கேட் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கேட் போட்டிருந்தான். முன்னால் இரண்டு லாரி, ஒரு டிராக்டர். வெயில் தகரத்தைப் பிடித்து உருக்கியது. உத்திராபதி எஞ்சினை நிறுத்தவில்லை. கேட் திறந்ததும் பறக்க வேண்டுமே. மணி நாலு பதினைந்து.

தொண்ணூற்றிரண்டில் இருந்த புதிய முள் தொண்ணூற்றாறுக்கு வந்தது.

அவர் பழைய முள்ளைப் பார்த்தார். நடுவில்.

தொண்ணூற்றொன்பது. பழையது நடுவில்.

"என்ன அங்கயே பாக்குறீங்க?" என்றாள் பெரியநாயகி.

நூற்றொன்று. நூற்று மூன்று. உத்திராபதி பழைய மீட்டரின் கண்ணாடியை விரலால் சுண்டினார். அது அசையவில்லை. சாமி படத்தில் தூக்கிய கைபோல, ஒன்றும் பயமில்லை என்று காட்டிக்கொண்டு நடுவிலேயே நின்றது. எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். முப்பத்தோரு வருடத்துக் காது. எந்த வித்தியாசமும் அதற்குக் கேட்கவில்லை.

நூற்று நான்கு.

அப்போதுதான் அது அவருக்கு உறைத்தது. அன்றைக்குத் திருநள்ளாறு ரோட்டில் பையன் பார்த்துக்கொண்டு வந்தது இதைத்தான். செல்லை இல்லை. நடுவில் நின்ற இந்த முள்ளை. பார்த்தான், நம்பினான், ஓட்டினான். பார்த்ததைச் சொன்னான்.

"நாயகி," என்றார். "அவன் சொன்னது நெசம்."

"எது?"

"இந்த முள்ளு பொய் சொல்லுது."

பெரியநாயகிக்கு மீட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் முப்பது வருடமாக இந்த முகத்தைத் தெரியும். அவள் உடனே செல்லை எடுத்து மகனுக்குப் போட்டாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. திரும்பப் போட்டாள். மறுபடியும் அதேதான். சிவப்ரியாவுக்குப் போட்டால், "ஆட்டோ ஏத்தி விட்டுட்டேம்மா. நீங்க சொல்லியனுப்புனதச் சொன்னேன். அப்பலேந்து அவன் யாருட்டயும் பேசல" என்றாள்.

உத்திராபதி இஃபாத்தை செல்லில் கூப்பிட்டார். "தம்பி, நூத்தி நாலு. கேட்டுல நிக்கிறேன். அஞ்சு மணிக்குள்ள பஸ் ஸ்டாண்டு போவணும்."

"போவாதீங்கண்ணே. ஓரங்கட்டிட்டு ஆட்டோ புடிங்க."

"கேட்டுல எந்த ஆட்டோ தம்பி இருக்கு? லாரிதான் நிக்கிது."

"ஹீட்டர் இருக்குல்ல உங்க வண்டியில? அத ஃபுல்லாப் போடுங்க. எஞ்சின் சூட்ட உள்ள இழுத்துக்கும். ஆக்ஸிலேட்டர அமுக்காம மெதுவா உருட்டுங்க. அண்ணே, அஷ்வின் பயந்தது இதத்தான்."

"என்னத்தப் பயந்தான்?"

"எந்த ஹோஸுக்கு எந்த சைஸு வாங்கணும்னு கேக்கத்தான் போன வாரம் வந்தான். ஊருக்குப் போறவனுக்கு எதுக்குடா இதுன்னேன். நான் போனப்புறம் அவரு ஒத்தையில ஓட்டுவாரு, கொதிக்கிறது அவருக்குத் தெரியாது, ஆள் வச்சிக்கிட்டு நடுரோட்டுல நிப்பாருன்னான்."

உத்திராபதி போனை மடியில் போட்டார். கேட் திறந்தது.

சித்திரை மாத வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு வேன் ஓட்டியவர் காரைக்கால் சரித்திரத்தில் அனேகமாக இவர் ஒருவராகத்தான் இருப்பார். வாங்கின நாளிலிருந்து போடாத ஹீட்டர். முதலில் தூசியைக் கக்கியது, பிறகு நெருப்புக் காற்றை ஊதியது. பெரியநாயகி முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டு, புளிச்சோற்றுப் பொட்டலத்தைச் சூடு படாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். வெளியில் சைக்கிளில் போனவர் இவர்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

நூற்று இரண்டுக்கு இறங்கியது. உத்திராபதி வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, முருகா முருகா என்று உருட்டினார். நூற்று இரண்டிலேயே நின்றது. மணி நாலு முப்பத்தைந்து. போய்விடலாம் போலத்தான் இருந்தது.

அரசலாறு பாலம் மேட்டில் ஏற, ஆக்ஸிலேட்டரை அமுக்கத்தான் வேண்டியிருந்தது. நூற்று ஐந்து. நூற்று ஏழு. பாலத்தின் மேல் ஏதோ லோடு வண்டி பஞ்சராகி நிற்க, இரண்டு பக்கமும் வண்டிகள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒருவழியாக நகர்ந்தபோது நூற்று ஒன்பது.

உத்திராபதி பாலத்தைத் தாண்டிய இடத்தில் ஓரங்கட்டி, சாவியைத் திருகினார். எஞ்சின் நின்றது.

"ஏங்க நிறுத்திட்டீங்க?"

"இதுக்கு மேல போனா எஞ்சின் போயிடும்."

"போவட்டும்." பெரியநாயகி முந்தானையை எடுத்தாள். முகம் வெந்தது போல இருந்தது. "இந்தத் தகரத்துக்காகத்தானே புள்ளய ஊரறிய அசிங்கப்படுத்துனீங்க. இப்ப இதுக்காகவே அவன விடப் போறீங்களா? ஓட்டுங்க."

அவர் சாவியில் கை வைத்தார். ஓட்டினால் பஸ் ஸ்டாண்டு வருமா என்பதே சந்தேகம். பாதியில் புகையோடு நின்றால் வண்டியும் இல்லை, பையனும் இல்லை. மணி நாலு ஐம்பத்தொன்று. நடந்தால் இருபது நிமிடம், அவருடைய முழங்காலுக்கு முப்பது. கை காட்டிய ஆட்டோக்கள் எல்லாம் ஆளோடு போயின. பெரியநாயகி மூன்றாவது தடவையாக மகனுக்குப் போட்டாள். அடித்து நின்றது.

பையனிடம் பேச இவருக்கு வழியே இல்லை. நம்பர் பிளாக். ஆனால் ஓர் ஊர் இருக்கிறது. அவன் பெயரைக் கெடுக்க எந்த வாசல் வழியாகப் போனாரோ, அந்த வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

சாவியைப் பாதி திருகினார். எஞ்சின் ஓடாமல் முட்கள் மட்டும் எழுந்தன. ஒன்று நடுவில், ஒன்று நூற்றுப் பத்தைத் தொட்டுக்கொண்டு. இரண்டும் தெரியும்படி போட்டோ எடுத்தார். அவசரத்தில் முதல் படம் ஸ்டியரிங்கைத்தான் காட்டியது. இரண்டாவது சரியாக வந்தது. அதை 'விழிதியூர் சொந்தங்கள்' குழுவில் போட்டுவிட்டு, மைக்கை அழுத்திப் பிடித்தார்.

"சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டுக்குங்க. உத்திராபதி பேசுறேன். படத்தப் பாருங்க. எஞ்சின் கொதிக்கிது, பழைய முள்ளு நல்லாருக்குன்னு சொல்லுது. அன்னிக்கு என் மவன் சொன்னது நெசம். அவன் செல்ல நோண்டல. ரேடியேட்டர்ல உப்புத் தண்ணிய ஊத்தி ஊத்தி இந்த வண்டியக் கெடுத்தது நான். பழிய அவன் மேல போட்டதும் நான்தான். இத அவன்ட்ட யாராவது..." அங்கே விரலை எடுத்துவிட்டார். அது அப்படியே போய்விட்டது.

விழிதியூரைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஒரு நிமிடத்தில் நாற்பது பேர் கேட்டார்கள். இரண்டாவது நிமிடத்தில் மாரிக்கண்ணு தன் தங்கைக்கு அனுப்பினாள்; தங்கை வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஆட்களுக்கு அனுப்பினார். அஷ்வினோடு படித்த பையன்கள் மட்டும் குழுவில் ஒன்பது பேர். அவர்களில் ஒருவனாவது சும்மா இருப்பானா?

ஐந்து மணி ஆனது. ஐந்து ஐந்து.

நாகூர், தஞ்சாவூர் வழியாகத் திருப்பூர் போகும் பஸ், ஸ்டாண்டிலிருந்து கிளம்பி எதிரில் வந்தது. பாலத்துக்கு ஏறும் அந்த மேட்டில் அது மெதுவாகத்தான் போக வேண்டும். பெரியநாயகி பொட்டலத்தோடு நடு ரோட்டுக்கே ஓடிவிட்டாள். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே ஒதுக்கினார். ஜன்னல்களில் வெயிலுக்குத் திரைத்துணி இழுத்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஜன்னலாக அவள் பார்த்தாள். துணி, துணி, ஒரு குழந்தையின் கை, துணி. பஸ் பாலத்தில் ஏறிப் போய்விட்டது.

உத்திராபதிக்கு அதற்குப் பிறகு நிதானம் இல்லை. பஸ்ஸைத் துரத்த வேண்டும். துரத்த வண்டி வேண்டும். வண்டிக்குத் தண்ணீர் வேண்டும். பின் சீட்டின் அடியிலிருந்து தண்ணீர்க் கேனை இழுத்தார், முன்மூடியைத் தூக்கினார், தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றி ரேடியேட்டர் மூடியின் மேல் வைத்தார். கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்தால் என்ன ஆகும் என்று முப்பத்தோரு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவர்.

பெரியநாயகியின் செல் அடித்தது.

"ம்மா."

அவள் செல்லை இரண்டு கையாலும் பிடித்தாள். விரல் எங்கேயோ பட்டு ஸ்பீக்கர் ஆனது.

"அவரு பக்கத்துல இருக்காரா?"

"இருக்காருய்யா. வண்டிகிட்ட நிக்கிறாரு."

"ரேடியேட்டர் மூடியத் தொறக்கப் போவாரும்மா. கையப் புடி. ஆவி மூஞ்சில அடிச்சிடும். அர மணி நேரம் ஆற விடச் சொல்லு."

உத்திராபதி மூடியிலிருந்து கையை எடுத்தார். துண்டு வழியாகவும் உள்ளங்கை சிவந்திருந்தது. அப்பா என்று அவன் சொல்லவில்லை, 'அவரு'தான். அந்த 'அவரு'வை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல, அவர் செல்லுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து நின்றார்.

"நீ எங்கய்யா இருக்க?" என்றாள் பெரியநாயகி. "பஸ்ஸுல ஏறிட்டியா?"

அந்தப் பக்கம் ஒரு கண்டக்டர் விசில் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் விசில் கேட்காத நேரம் உண்டா? ஓடுகிற பஸ்ஸில்தான் கேட்காதா? லைன் துண்டித்தது.

அவள் திரும்பிப் பாலத்தைப் பார்த்தாள். அக்கரையில் திருப்பூர் பஸ் நின்றிருந்தது. அங்கே நிறுத்தம் இருக்கிறது. தினமும் நிற்கிற பஸ்தான். யாரோ இரண்டு மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் தோளில் பை தொங்கியது மாதிரி இருந்தது. அதற்குள் நடுவில் ஒரு லாரி வந்து மறைத்தது.

"அவனாங்க?" என்றாள்.

உத்திராபதி நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். தெரியவில்லை. "தெரியல நாயகி" என்றார். அப்படி அவர் தன் வாயால் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். பெரியநாயகி பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பாலத்தில் நடக்க ஆரம்பித்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவரும் பின்னால் போனார்.